துவக்கை ஒப்படைத்த பிறகு
கரைவாகின் போர்க்காலம்: பகுதி 14

சென்ற பகுதி 2009 மே மாதத்தோடு நின்றது. போர் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவையும் அங்கேதான் நிற்கும். வென்றவர் யார், தோற்றவர் யார், எத்தனை பேர் மாண்டார்கள் என்று எழுதி முடித்துவிட்டு, பின்னிணைப்பாக ஒரு வரைபடத்தைப் போட்டுவிடுவார்கள். சண்டையில் நின்றவன் வீட்டுக்குப் போய் என்ன ஆனான் என்பது அவர்களுடைய கணக்கில் வராது. இந்தப் பகுதி அவனைப் பற்றியது.

‘போர்வீரன்’ என்றால் நம் கண்முன் இரண்டு பேர்தான் வருகிறார்கள். ஒருவன் சீருடை போட்ட இராணுவச் சிப்பாய். மற்றவன் கழுத்தில் சயனைட் குப்பி கட்டிய புலி. அம்பாறைக் கரையில் இந்த இருவரையும் விடக் கூடுதலாகக் காணக்கூடிய இன்னொருவன் இருக்கிறான். பகலில் வட்டையில் வேளாண்மை பார்த்து, இரவில் ஊர் எல்லையில் துவக்கோடு நின்ற ஊர்காவல் படைக்காரன். ஊருக்குள் அவனை ‘ஹோம்காட்’ என்பார்கள். மாவடிப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே காரைதீவு, மேற்கே சம்மாந்துறை, சற்றுத் தள்ளி வீரமுனை. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மறுபடி முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும் நிலம் இது. நடுவில் இருப்பதெல்லாம் வயல். மழைக்காலத்தில் றோட்டே வெள்ளத்துக்குள் போய்விடும். இப்படிப்பட்ட ஒரு நிலத்தில் ‘எல்லை’ என்பது வாய்க்கால் வரம்புதான். அந்த வரம்பில்தான் அவனை நிறுத்தினார்கள்.

ஊர்காவல் படை 1980களின் நடுப்பகுதியில் உருவானது. முதலில் எல்லைப்புறச் சிங்களக் கிராமங்களுக்குத் துவக்குக் கொடுத்தார்கள். கிழக்கு முஸ்லிம் ஊர்களில் அது பெருகியது 1990க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூன் 11ஆம் திகதி புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சுற்றி வளைத்தார்கள். மேலிடத்து உத்தரவின்படி சரணடைந்த பொலிஸாரில் சிங்களவர், முஸ்லிம்கள் என்று 600க்கும் மேற்பட்டோர் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டுச் சுடப்பட்டார்கள். கல்முனைப் பொலிஸ் நிலையத்தில் இருந்தவர்களும் அதில் அடக்கம். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அடுத்த வாரம் ஏறாவூர், அதுவும் இரவில். வயலுக்குப் போன விவசாயிகள் திரும்பாத நாட்களும் அதே மாதத்தில்தான். பொலிஸ் நிலையமே தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் போனதைக் கண்ட ஊர், துவக்குக் கேட்டது. அரசாங்கமும் கொடுத்தது. கொடுத்தது பெரும்பாலும் சொட்கன்தான். எதிரே வருபவன் கையில் தன்னியக்கத் துப்பாக்கி இருக்கும் என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து அதற்குள்தான் கிடக்கிறது.

மண்மூட்டை அடுக்கிய ஒரு சென்றி. இரண்டு மூன்று பேர். வெளிச்சம் வைக்கக்கூடாது, வைத்தால் நீதான் குறி. சுருட்டும் பற்றவைக்கக்கூடாது. கண்ணுக்கு வேலை இல்லாத இருட்டில் காதுதான் எல்லாம். தவளை கத்திக்கொண்டிருக்கும் வரை நிம்மதி, சட்டென்று அது நின்றால் யாரோ தண்ணீருக்குள் கால் வைத்துவிட்டான் என்று பொருள். நாய் குரைக்கும் விதத்தைப் பிரித்தறிய வேண்டும். பன்றிக்குக் குரைப்பது வேறு, மனிதனுக்குக் குரைப்பது வேறு. சுபஹுக்குப் பாங்கு சொல்லும்வரை இப்படி இருந்துவிட்டு, பொழுது விடிந்ததும் வயலில் இறங்குவான். இந்த வேலையைச் செய்தவன் இராணுவப் பயிற்சி பெற்றவன் அல்லன். விடுமுறை கிடைத்து முன்னரங்கிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஊருக்குப் போய் ஓய்வெடுக்கும் வசதியும் அவனுக்குக் கிடையாது. அவனுடைய முன்னரங்கும் வீடும் ஒன்றுதான். நிற்கும் இடத்திலிருந்து ஒரு சத்தம் போட்டால் பிள்ளைகளுக்குக் கேட்கும் தூரம். 1990இல் இருபது வயதில் அங்கே நின்றவனுக்குப் போர் முடியும்போது வயது முப்பத்தொன்பது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே, வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பியவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். 1994இல் வெளிவந்த ‘வியட்நாமில் அக்கிலீஸ்’ என்ற நூலில் ஹோமரின் காவியத்தையும் தன் நோயாளிகளின் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் சொல்வதன் சாரம் இது: போர்க்களத்தில் உயிரைக் காத்த பழக்கங்கள் சமாதான காலத்திலும் விட்டுப்போகாமல் இருப்பதைத்தான் நாம் நோய் என்கிறோம். தவளைச் சத்தம் நின்றதும் உடம்பு விறைப்பது 1991இல் திறமை. அந்தத் திறமை இல்லாதவன் செத்தான். 2011இல் அதே மனிதன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறான், கூரையில் தேங்காய் விழுந்தால் பிள்ளையைத் தள்ளிவிட்டு நிலத்தில் படுக்கிறான், பெருநாள் பட்டாசுக்கு முகம் வெளிறிப் போகிறான் என்றால், அவனுடைய உடம்புக்கு யாரும் போர்நிறுத்தம் அறிவிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

உலகம் இதைக் கண்டுகொண்ட கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். முதலாம் உலகப் போரில் குண்டதிர்ச்சி என்ற பெயரோடு சார்ல்ஸ் மயர்ஸ் 1915இல் மருத்துவ இதழில் எழுதினார். அதே போரில் பிரித்தானியா கோழைத்தனம், தப்பியோட்டம் முதலிய குற்றங்களுக்காகத் தன் படையினர் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் மனம் உடைந்தவர்கள் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. மன்னிப்புக் கிடைத்தது 2006இல். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று அது அமெரிக்க மருத்துவ வகைப்பாட்டுக்குள் வந்தது 1980இல், வியட்நாமிலிருந்து வந்தவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு.

இலங்கையில் முதலில் இதை விரிவாக எழுதியவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். 1998இல் வந்த அவருடைய நூல் போர் தமிழ் மக்களின் மனத்தில் விட்ட தழும்புகளைப் பற்றியது. குடிமக்களைப் போலவே போராளிகளையும் அவர் ஆராய்ந்தார். தெற்கில் வைத்தியர் ருவான் ஜயதுங்க இராணுவத்தினரின் மனவடு பற்றி எழுதினார். போர் முடிந்தபின் ரவீன் ஹன்வெல்லவும் குழுவினரும் கடற்படையினரிடையே செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அதில் விசேட படைப்பிரிவினரில் 1.9 வீதத்தினருக்கும் ஏனையோரில் 2.07 வீதத்தினருக்கும்தான் இந்நோய் இருந்தது. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க ஆண்களில் 30.9 வீதத்தினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்நோய்க்கு ஆளானார்கள் என்று 1988இல் முடிந்த அவர்கள் நாட்டு ஆய்வு சொல்கிறது. ஒன்று அந்நேரத்து நிலை, மற்றது வாழ்நாள் கணக்கு; நேருக்கு நேர் வைக்க முடியாது. அப்படியிருந்தும் நம்முடைய எண் சிறியதுதான். வென்ற படை, குடும்பப் பிணைப்பு, ஊரின் மரியாதை என்று அதற்குக் காரணம் சொல்லலாம். இன்னும் சேவையில் இருப்பவன் ‘எனக்குத் தூக்கம் வருவதில்லை’ என்று தாளில் எழுதிக் கொடுப்பானா என்றும் கேட்கலாம். எனக்கு இரண்டாவது கேள்விதான் கனமாகத் தெரிகிறது. எப்படியும் அந்த ஆய்வு கடற்படையைப் பற்றியது. வரம்பில் நின்றவன் அதில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை இந்தக் கரையெங்கும் மனவள ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். கையில் வினாக்கொத்து. கனவு வருகிறதா, மறக்க முடியவில்லையா என்று கேட்டார்கள். இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் கைத்ரி பெர்னாண்டோ கவனித்தது வேறு. இங்கே பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் காயத்தை மனத்துக்குள் இருக்கும் ஒன்றாகச் சொல்வதில்லை. உடம்பு வலியாகச் சொல்கிறார்கள், அல்லது உறவுக்குள் தங்களுக்கு இருந்த இடம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். நம்மவர்களுக்கு இது புதினமே இல்லை. ‘தலை விறைக்குது’, ‘நெஞ்சு படபடக்குது’, ‘கை கால் உளையுது’ என்று ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவரிடம் ‘நீங்கள் ஹோம்காட்டில் இருந்தீர்களா?’ என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் பெண்டாட்டி சொல்வது வேறு: ‘இந்த மனிசன் முந்தி இப்படி இல்ல.’ கோபம், சந்தேகம், பிள்ளைகளோடு பேச்சே இல்லாமை. வெளியில் எடுபடாத இந்த வழக்கை வீட்டுப் பெண்கள்தான் பல ஆண்டுகளாகச் சுமக்கிறார்கள்.

நிலையை நேராக்க ஊரிடம் ஏதுமே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. தண்ணீர் ஓதிக் கொடுப்பது, தாயத்துக் கட்டுவது என்று முஸ்லிம் ஊர்களில் வழி இருந்தது. பக்கத்துக் காரைதீவில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் குளிர்த்தி நடக்கிறது. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் வெம்மையைத் தணிக்கும் சடங்கு அது. எரித்தவளைக் குளிர்விக்காமல் ஊருக்குள் வைத்திருக்க முடியாது என்று அந்தச் சடங்கை உண்டாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். மட்டக்களப்புப் பகுதியில் போர்க்காலத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி மக்கள் போனதை எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சொல்லத் தடை இருந்த காலத்தில், சொல்வதற்குக் கிடைத்த ஓர் இடம் அது என்கிறார். இவையெல்லாம் துன்பப்பட்டவருக்கான வழிகள். துன்பம் கொடுத்தவனுக்கு?

இதை எழுதாமல் கடந்துபோவது எளிது. 1990 ஓகஸ்ட் 12ஆம் திகதி, ஏறாவூரில் மையித்துகளை அடக்கிக்கொண்டிருந்த அதே வேளையில், வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். படையினரோடு ஊர்காவல் படையினரும் வந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள். நம்மூர்க் கூட்டங்களில் காத்தான்குடி பற்றிப் பேசுபவர்கள் வீரமுனையைப் பற்றிப் பேசமாட்டார்கள். தமிழ் ஊர்களில் வீரமுனையைப் பேசுபவர்கள் காத்தான்குடியைத் தொடமாட்டார்கள். வரம்பில் நின்ற எல்லோரும் கொலைகாரர் அல்லர். ஆயிரக்கணக்கானோர் ஒரு தோட்டாவும் சுடாமல் இரவுகளைக் கழித்தவர்கள். ஆனால் சுட்டவர்களும் இருந்தார்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள். அச்சத்தால் வரும் தூக்கமின்மை ஒரு வகை. செய்ததால் வரும் தூக்கமின்மை வேறு வகை. இரண்டாவதை மருந்தால் மட்டும் தீர்க்க முடியாது, அதற்கு யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு, சொல்லாவிட்டால் நெஞ்சு வலி.

தமிழ்ப் பக்கத்தில் இதே வயதுக்காரனுக்கு நடந்தது இன்னும் குழப்பமானது. 1989இல் இந்தியப் படை வெளியேறப் போகும் நேரத்தில், ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைமையிலான மாகாண நிர்வாகம் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் பையன்களைப் பிடித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடையில் நின்றவர்கள். ‘பிள்ளை பிடி’ என்று ஊர் அதைச் சொன்னது. இந்தியப் படை முதலில் விலகிய மாவட்டம் அம்பாறை. புலிகள் உள்ளே வந்தபோது அந்தப் பையன்களுக்கு ஓட இடமில்லை. எஞ்சியவர்கள் தாங்கள் எந்தப் படையில் இருந்தோம் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள். 1980களில் தமிழ் இயக்கங்களில் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்களின் நிலையும் இதற்குக் குறைந்ததல்ல. 1990க்குப் பிறகு இயக்கத்துக்கு அவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள், ஊருக்கும் சந்தேகத்துக்குரியவர்கள். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகலில் சண்டை. அதன்பின் கிழக்குப் படையணிகள் கலைக்கப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வந்து எட்டு மாதங்களில் கடல் வந்தது.

2009இல் சரணடைந்த புலிகள் ஏறக்குறைய 12,000 பேர். புனர்வாழ்வு முகாம்களில் தச்சும் தையலும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். இதில் ஒரு விந்தை இருக்கிறது. ஊர்காவல் படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனது. போருக்குப் பின் அதே திணைக்களம் வன்னியில் முன்னாள் போராளிகளைப் பண்ணை வேலைக்கும் முன்பள்ளி வேலைக்கும் எடுத்தது. ஒருவரையொருவர் குறிபார்த்திருக்கக்கூடிய இருவர் ஒரே சம்பளப் பட்டியலில் வந்தார்கள். இருவருடைய இரவைப் பற்றியும் அந்தப் பட்டியலில் பத்தி இல்லை.

இனி இலக்கியம். சண்டைக்குப் போனவனின் மனத்தைத் தமிழ் அறியாததல்ல. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு உறக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளையும், அம்பு தைத்துப் புல் தின்னாமல் நிற்கும் குதிரைகளையும், மாண்ட வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்கிறார் நப்பூதனார். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அந்த நாணத்தைத் தாங்காமல் வடக்கிருந்து உயிர்விட்டான். பாடியவர்கள் அதைப் புகழாகப் பாடினார்கள். இன்று படிக்கும்போது அங்கே புகழைவிட ஒரு மனிதனின் முறிவுதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஈழத்து எழுத்தில் திரும்பி வந்த போராளிக்கு முகம் கொடுத்தவர்களில் ஷோபாசக்தி முக்கியமானவர். சிறுவனாக இயக்கத்தில் இருந்தவர். 2001இல் வந்த ‘கொரில்லா’ ஓர் அகதி விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறது. தன் கடந்தகாலத்தை அதிகாரி ஒருவருக்கு நிரூபித்தால்தான் எதிர்காலம் கிடைக்கும் என்ற நிலை அது. 2015இல் கானில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில் அவரே முன்னாள் புலியாக நடித்தார். பாரிஸ் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் போதைக் கும்பல்கள் சுட்டுக்கொள்ளும்போது, அந்த மனிதன் தரையில் வெள்ளைக் கோடு இழுத்து இது சூடற்ற வலயம் என்கிறான். முள்ளிவாய்க்காலில் அந்தச் சொல்லுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவனால்தான் அந்தக் கோட்டை இழுக்க முடியும். குணா கவியழகனின் ‘விடமேறிய கனவு’ தோற்ற பின்னான தடுப்பு முகாமுக்குள் நடக்கிறது. சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2012இல் தமிழிலேயே எடுத்த ‘இனி அவன்’ புனர்வாழ்வு முடிந்து ஊர் திரும்புபவனின் கதை. எங்கள் பிள்ளைகள் செத்தார்கள், நீ மட்டும் எப்படி வந்தாய் என்று ஊர் பார்க்கிறது. அவனுக்குக் கிடைக்கும் வேலையும் காவலாளி வேலைதான்.

இவை எல்லாம் வடக்கின் கதைகள், அல்லது புலம்பெயர்ந்தவை. நம் கரையில்? கல்முனை எழுத்துக்குப் பஞ்சமான ஊரல்ல. உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ இந்த மண்ணின் பயங்கரத்தை உருவகமாக்கிய சிறுகதை. சோலைக்கிளியின் கவிதைகள் போர்க்காலக் கெட்ட கனவுகளின் பேரேடு. ‘எட்டாவது நரகம்’, ‘காகம் கலைத்த கனவு’, ‘பாம்பு நரம்பு மனிதன்’ என்ற தலைப்புகளைப் பாருங்கள், ஒரு மருத்துவர் அந்த வரிசையை வைத்தே நோய்க்குறிகளை எழுதிவிடுவார். அனார், றஷ்மி என்று அடுத்த தலைமுறையும் எழுதியது. ஆனால் நான் வாசித்த அளவில், இந்த எழுத்து முழுவதும் சுடப்படுபவனின் பக்கத்தில் நிற்கிறது. அது சரியான பக்கம்தான். துவக்கை வைத்திருந்த நம்மூர்க்காரன், பயந்துகொண்டே காவல் நின்றவன், ஒருவேளை தவறாகச் சுட்டவன், அவன் ஒரு முழு நாவலின் நாயகனாக இன்னும் வரவில்லை. அவனை நாயகனாக்கினால் நம் துயரத்தின் தூய்மை குறைந்துவிடும் என்ற அச்சம் எழுத்தாளர்களுக்கு இருக்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம். குறையட்டும். காத்தான்குடிக்கும் வீரமுனைக்கும் நடுவில் நிற்கும் அந்த மனிதனைத் தவிர்த்து இந்தக் கரையின் போர் நாவலை எழுத முடியாது.

ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தபோது துப்பாக்கிச் சண்டை நடந்தது, குண்டுகள் வெடித்தன. 6 சிறுவர்கள் உட்பட 15 பேர் மாண்டு கிடந்தார்கள். போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இரவில் பிள்ளைகள் ‘என்ன சத்தம்?’ என்று கேட்டிருப்பார்கள். வரம்பில் நின்று பழகியவர்கள் கேட்கத் தேவையில்லை. எந்தத் துவக்கு, எவ்வளவு தூரம் என்பது அவர்கள் காதுக்குத் தெரியும்.

இப்போது அவர்கள் ஐம்பதின் நடுவிலும் அறுபதுகளிலும் இருக்கிறார்கள். சர்க்கரையும் இருதய நோயும் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோகின்றன. இந்தத் தொடரை வாசிக்கும் ஆசிரியர்கள், மாணவர்கள், பள்ளிவாசல் நிர்வாகிகள், கோயில் சபையினர் ஆகியோரிடம் ஒரு வேண்டுகோள். ஊர்காவல் படையிலோ இயக்கத்திலோ தமிழ்த் தேசிய இராணுவத்திலோ இருந்தவர்கள் பேச விரும்பினால், பெயரை மறைத்துப் பதிவு செய்து வையுங்கள். பேச விரும்பாதவரைக் கிண்டாதீர்கள். உங்கள் வாப்பாவோ மாமாவோ ஆண்டுக்கணக்கில் தூங்காமல் இருந்தால் அது முதுமை என்று விட்டுவிடாமல் ஆதார வைத்தியசாலையின் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போக மறுத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேட்கலாம்.

அடுத்த பகுதி 2004 டிசம்பர் 26ஆம் திகதி கரையோர மையவாடிகளைப் பற்றியது.